மார்லா போடாத கையெழுத்து

ஹாலோவே உயர்நிலைப்பள்ளி அலுவலகத்தில் மார்லா டக்கெட் இருபத்திரண்டு வருஷமாக இருந்தாள். அதற்குள் தலைமையாசிரியர்கள் ஐந்து பேர் வந்து போய்விட்டார்கள். தாமதமாக வருகிறவர்களுக்குச் சீட்டு எழுதுவது, காய்ச்சல் கண்ட பிள்ளையின் வீட்டுக்குப் போன் போடுவது, பஸ் வராத நாளில் ஓட்டுநரை எழுப்புவது எல்லாம் அவள் வேலை. ஆனால் ஊரில் அவளுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது வேறொன்று. கல்லூரிக்குப் போகிற பிள்ளைகள் படிப்புச் செலவுக்கு அரசாங்கத்திடம் உதவி கேட்டு ஒரு படிவம் போடுவார்களே, அந்த விஷயத்தில் அந்த ஆற்றங்கரை ஊர்களில் அவளை மிஞ்ச ஆளில்லை.

படிவம் அக்டோபரில் திறக்கும். வகுப்பு தொடங்குவது அடுத்த ஆகஸ்டில். நடுவில்தான் பத்து மாதம் கிடக்கிறதே என்று எல்லோரும் ஏமாறுவது இங்கேதான். மத்திய அரசின் பணம் தாமதமாகக் கேட்டாலும் கிடைக்கும். மாநிலத்துப் பணம் முந்தி வந்தவர்களுக்குக் கொடுத்துக்கொண்டே போய், தீர்ந்த அன்றைக்குக் கதவைச் சாத்திவிடுகிற பணம். மார்லா இதை ஒவ்வொரு வருஷமும் தொண்டை வறளச் சொல்லுவாள். நவம்பர் முதல் வியாழக்கிழமை பள்ளி நூலகத்தில் பெற்றோர்களைக் கூட்டி, பீட்சா வாங்கி வைத்து, ஒவ்வொருவர் பின்னாலும் நின்று படிவத்தை முடிக்க வைப்பாள். முடித்தவர்கள் பெயர் அலுவலகச் சுவரில் பச்சை மையில் ஏறும். முடிக்காதவர்கள் பெயர் சிவப்பில் நிற்கும்.

சிவப்பில் நிற்பது பெரும்பாலும் பெற்றவர்களால்தான். பிள்ளை தன் பங்கை எழுதிவிட்டு அப்பாவுக்கோ அம்மாவுக்கோ அழைப்பு அனுப்பும். அவர்கள் தங்கள் கணக்கில் புகுந்து, வருமான விவரத்தைப் பார்க்கச் சம்மதம் கொடுத்து, கடைசியில் கையெழுத்துப் பொத்தானை அழுத்த வேண்டும். அது அழுந்தாதவரை படிவம் பாதி வழியில் நிற்கும். யார் வீட்டில் எந்தப் படிவம் எங்கே நிற்கிறது என்று மார்லாவுக்கு மனப்பாடம். எதிரில் பட்டால் விடமாட்டாள்.

அந்தப் பிப்ரவரியில் அவளிடம் அப்படி அகப்பட்டவர் டயர் கடை வைத்திருக்கும் டுவைட் யூபேங்க்ஸ். மளிகைக்கடையில் ரொட்டி அடுக்குக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். சனிக்கிழமை. கடை நிறையக் கூட்டம்.

"டுவைட்! உங்களத்தான் தேடிக்கிட்டு இருந்தேன்," என்றாள் மார்லா, அடுத்த வரிசைக்கும் கேட்கிற குரலில். "லேசி அவ பங்க நவம்பர்லயே முடிச்சிட்டா. உங்க கையெழுத்துக்காக மூணு மாசமா தொங்கிக்கிட்டு இருக்கு. பெத்த பொண்ணுக்குப் பத்து நிமிஷம் ஒதுக்க முடியல இல்ல உங்களால?"

டுவைட் கையிலிருந்த ரொட்டியைப் பார்த்தார். காது மடல் வரை சிவந்துபோனது. "இன்னிக்குப் போட்டுர்றேன் மேடம்," என்றார். அரைகுறையாக நிரம்பிய தள்ளுவண்டியை அங்கேயே விட்டுவிட்டு வெளியே நடந்தார். அன்றைக்கே கையெழுத்தும் போட்டார். திங்கட்கிழமை லேசியின் பெயரைப் பச்சையில் எழுதும்போது மார்லாவுக்கு ஒரு ஏப்பம் விட்ட சுகம்.

அவளுடைய ஒரே மகள் கென்சிக்கும் அது கடைசி வருஷம். நாற்பது மைல் தள்ளி இருக்கிற சமுதாயக் கல்லூரியில் எக்ஸ்ரே எடுக்கிற படிப்பில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. மொத்தமே பதினெட்டு இடம், ஊரே பொறாமைப்பட்டது. கென்சியின் பெயர் பச்சைப் பட்டியலில் முதலாவதாக இருந்தது. மார்லா அதை நவம்பர் ஏழாம் தேதியே தன் கையால் எழுதியிருந்தாள்.

குளிர்காலத்தில் கென்சி இரண்டு தடவை கேட்டாள்.

"அம்மா, உன் பங்குல கையெழுத்து போட்டுட்டியா? எனக்கு ஒண்ணும் வரல."

"யாரப் பாத்து என்ன கேக்குற?" என்று சிரித்தாள் மார்லா. இரண்டாவது தடவை சிரிக்கவில்லை. "ஊருக்கே போட்டுக் குடுக்குறவ நான். என்னையே சந்தேகப்படுறியா? போயி உன் வேலயப் பாரு."

கென்சி பிறகு கேட்கவில்லை.

மே மாதம் வந்தது. மற்றப் பிள்ளைகளுக்கு எவ்வளவு உதவி என்ற கடிதங்கள் வந்துவிட்டன. கென்சிக்கு வந்தது இரண்டு வரிக் கடிதம்: உங்கள் விண்ணப்பம் எங்களுக்கு வந்து சேரவில்லை. அவள் அதை மதிய இடைவேளையில் அலுவலகத்துக்கு எடுத்து வந்தாள். அப்போது அங்கே வழிகாட்டி ஆசிரியர் இருந்தார், தாமதச் சீட்டுக்கு நின்ற பையன்கள் இரண்டு பேர் இருந்தார்கள்.

மார்லா கடிதத்தைப் படித்தாள். ஒரு கணம்கூட யோசிக்கவில்லை.

"என்னடி பண்ணி வச்ச? காலேஜ் பேர மாத்திப் போட்டியா? நம்பர் தப்பா? ஒரு வேலய ஒழுங்காச் செய்யத் தெரியாதா உனக்கு? நான் இந்த ஊர்ல தல நிமிர்ந்து நடக்க வேணாமா?"

"நான் சரியாத்தான் போட்டேம்மா..."

"சரியாப் போட்டிருந்தா இது ஏன் வருது? எக்ஸ்ரே எடுக்கப் போறாளாம். நோயாளி பேரையே மாத்தி எழுதுவ நீ."

பையன்களில் ஒருவன் களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டான். கென்சி கடிதத்தை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனாள். வழிகாட்டி ஆசிரியர் தன் கோப்புகளை அவசரமாக அடுக்கிக்கொண்டு வெளியேறினார்.

மூன்று நாள் கழித்துத்தான் கல்லூரிக்குப் போன் போட மார்லாவுக்கு நேரம் கிடைத்தது. உதவித்தொகை அலுவலகத்தில் ஷெரீஸ் என்ற பெண்தான் எப்போதும் எடுப்பாள். நேரில் பார்த்ததில்லை. ஆறு வருஷமாகக் குரல் பழக்கம்.

"ஹாலோவேலேர்ந்து மார்லா பேசறேன். எங்க பொண்ணு ஒருத்தி, கென்சி டக்கெட். ஃபாரம் வரலன்னு எழுதியிருக்கீங்க. நவம்பர்லயே போயிருச்சே?"

எங்கள் பள்ளிப் பெண் என்ற பொருளில்தான் அவள் அப்படிச் சொன்னாள். ஷெரீஸும் அப்படியே எடுத்துக்கொண்டாள்.

"எங்ககிட்ட ஒண்ணுமே இல்ல மார்லா. கணக்குல போயி பாக்கச் சொல்லுங்க. எங்க நிக்குதுன்னு அங்கதான் தெரியும்."

காதில் போனை வைத்துக்கொண்டே மார்லா தன் கணக்கைத் திறந்தாள். நவம்பருக்குப் பிறகு அதைத் திறக்கவே இல்லை. பக்கத்தின் தலையில் மஞ்சள் பட்டை ஒன்று. மாணவியின் பங்கு முடிந்தது. பெற்றோரின் பங்கு: கையெழுத்து இல்லை.

அவளுக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது. இதே நாற்காலி, இதே திரை. கடைசிப் பக்கத்தில் இருந்தபோது மூக்கில் ரத்தம் ஒழுக ஒரு சின்னப் பெண் கவுண்டருக்கு வந்தாள். மார்லா ஐஸ் எடுக்க ஓடினாள், அந்தப் பெண்ணின் அம்மாவுக்குப் போன் போட்டாள், தரையைத் துடைத்தாள். திரும்பி வந்து திரையை மூடிவிட்டுச் சுவரில் பச்சை மையால் மகள் பெயரை எழுதினாள். அதற்குப் பிறகு வந்த நினைவூட்டல் கடிதங்கள் எல்லாம், ஊர்க்காரர்களுக்காக அவள் பெட்டியில் வந்து குவிகிற நூறோடு நூறாகத் தெரிந்தன. ஒன்றைக்கூடப் பிரிக்கவில்லை.

"மார்லா? இருக்கீங்களா? என்ன காட்டுது?"

"கையெழுத்து இல்ல."

"யாரோடது?"

"அம்மாவோடது," என்றாள் மார்லா. யாரோ ஒருத்தியைப் பற்றிச் சொல்வதுபோல அவள் குரல் சாதாரணமாக இருந்தது. அதை நினைத்துத்தான் பின்னாளில் அவள் அதிகம் கூசினாள்.

ஷெரீஸ் உச்சுக்கொட்டினாள். "நவம்பர்லேர்ந்தா? என்ன மாதிரி அம்மா இது! பாவம் அந்தப் பொண்ணு. மாநிலத்துப் பணம் இந்நேரம் தீந்திருக்கும். இப்பவாவது போடச் சொல்லுங்க. நீங்க ஒரு சத்தம் போட்டாத்தான் கேப்பாங்க."

"ஆமா," என்றாள் மார்லா. "சில பேரு அப்படித்தான் இருக்காங்க."

போனை வைத்துவிட்டுக் கையெழுத்துப் பொத்தானை அழுத்தினாள். நாலு நிமிஷ வேலை. பிறகு கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, கையை நனைக்காமல் நின்றுகொண்டிருந்தாள்.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் சொல்லிவிடுவதென்றுதான் இருந்தாள். கென்சி சமையலறையில் மக்கரோனி கிளறிக்கொண்டிருந்தாள். மூன்று நாளாக அம்மாவோடு பேச்சில்லை. மார்லா பையை நாற்காலியில் மாட்டினாள். வாயிலிருந்து வந்தது வேறு.

"காலேஜுக்குப் பேசினேன். அவங்க பக்கம் ஏதோ குளறுபடி. சரி பண்ணியாச்சு. உன்மேல தப்பில்ல."

கென்சி கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். "நான்தான் எதையோ கெடுத்துட்டேன்னு நெனச்சேம்மா. மூணு நாளா சோறே எறங்கல. திரும்பத் திரும்ப யோசிச்சுப் பாத்தேன், என்ன தப்புன்னே தெரியல."

மார்லா அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் வாய்க்காது. அவளுக்கே அது தெரிந்திருந்தது. மக்கரோனி அடிப்பிடித்த வாசனை வந்தது. "அடுப்பப் பாரு," என்றாள்.

ஜூன் முதல் வாரம் அடுத்த கடிதம் வந்தது. மத்திய அரசுப் பணம் உண்டு. மாநிலத்துப் பணம் கிடையாது, விண்ணப்பம் நிதி தீர்ந்தபின் வந்தது. நாலாயிரத்துச் சொச்சம் டாலர் இடித்தது. எக்ஸ்ரே படிப்பைப் பாதிப்பாதியாகப் படிக்க முடியாது. முழுசாகச் சேர வேண்டும், இல்லாவிட்டால் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

மார்லாவின் கணவன் ராய்ஸ் அப்போது வீட்டில் இருந்தான். ஆற்றில் சரக்குப் படகுகளைத் தள்ளிப்போகிற இயந்திரப் படகில் அவனுக்கு வேலை. இருபத்தெட்டு நாள் தண்ணீரில், பதினாலு நாள் வீட்டில். சுபாவத்தில் சாது. அதிகம் பேசமாட்டான். ஆனால் கடிதத்தைப் படித்ததும் அவன் கழுத்து நரம்பு புடைத்தது.

"அவனுங்க குளறுபடிக்கு என் பொண்ணு ஏன் பணம் கட்டணும்? கெளம்புங்க. நேர்ல கேக்குறேன்."

"போன்ல பேசிக்கலாம் ராய்ஸ்," என்றாள் மார்லா.

"போன்ல பேசித்தான் இந்த லட்சணம். கெளம்பு."

நாற்பது மைலும் மார்லா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு ஊர்ப் பலகை வரும்போதும், இதற்குள் சொல்லிவிடுகிறேன் என்று நினைப்பாள். பலகை பின்னால் போய்விடும். கென்சி பின்னிருக்கையில் கேள்விகளைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டிருந்தாள்.

ஷெரீஸுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். மேசைமேல் பாதி தின்ற சாண்ட்விச் இருந்தது. அவர்கள் வந்ததும் அதை இழுப்பறையில் வைத்துவிட்டுக் கென்சியின் அடையாள அட்டையை வாங்கினாள். ராய்ஸ் உட்காரவில்லை.

"என் பொண்ணு நவம்பர்ல போட்ட ஃபாரம். நீங்க தொலச்சுட்டு மே மாசம் கண்டுபிடிச்சீங்க. இப்பப் பணம் தீந்துபோச்சுங்கறீங்க. இது என்ன நியாயம்?"

"சார், நாங்க எதையும் தொலைக்கல. படிவம் எங்களுக்கு வந்ததே மே மாசம்தான்."

"பொய் சொல்லாதீங்க! உங்க பக்கம் தப்புன்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்களாமே போன்ல. இப்ப மாத்திப் பேசறீங்க. இங்க உக்காந்து சாண்ட்விச் திங்கறதுக்கா உங்களுக்குச் சம்பளம்?"

பக்கத்து மேசைகளில் தட்டச்சுச் சத்தம் நின்றது. ஷெரீஸின் முகம் இறுகியது. "யார் ஒத்துக்கிட்டாங்க சார்? உங்ககிட்ட யார் பேசினது?"

"என் பொண்டாட்டிகிட்ட பேசினீங்க. ஹாலோவே ஸ்கூல் ஆபீஸ்ல இருபத்திரண்டு வருஷமா இருக்கா. ஊர்ப் பிள்ளைங்க அத்தனை பேரு ஃபாரமும் இவ கையாலதான் போகுது. இவ போட்டது தப்பாகுமா?"

ஷெரீஸ் மெதுவாகத் திரும்பினாள். வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசாமல், கைப்பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டு கதவோரம் நின்ற பெண்ணைப் பார்த்தாள்.

"மார்லாவா நீங்க?" என்றாள்.

மார்லா தலையை அசைத்தாள்.

ஷெரீஸ் திரையைப் பார்த்தாள், மறுபடி அவளைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் விளங்கியது முகத்திலேயே தெரிந்தது. அவள் அதைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் தப்பும் இல்லை, நாலு பேர் முன்னால் திட்டு வாங்கியவள் அவள். ஆனால் சொல்லவில்லை. கைகளை மேசைமேல் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"அவங்க மேல தப்பில்ல ராய்ஸ்," என்றாள் மார்லா.

"நீ சும்மா இரு. நீ எல்லாருக்கும் பரிஞ்சு பேசுவ."

"தப்பு என்னுது. நான் கையெழுத்து போடல. நவம்பர்ல பாதில விட்டுட்டேன். மே மாசம் இவங்க சொல்லித்தான் எனக்கே தெரிஞ்சுது. அன்னிக்குத்தான் போட்டேன். காலேஜ் குளறுபடின்னு நான் சொன்னது பொய்."

கென்சி கையிலிருந்த காகிதத்தை நாலாக மடித்தாள், இன்னும் சின்னதாக மடித்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

ராய்ஸ்தான் முதலில் பேசினான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். "மன்னிச்சுக்கங்க. தெரியாமக் கத்திட்டேன். சாப்பாட்டு நேரத்துல வேற."

"பரவால்ல சார்," என்றாள் ஷெரீஸ். பிறகு அவள் வேலையை ஒழுங்காகச் செய்தாள். மாநிலத்துப் பணம் இந்த வருஷம் இனி வராது, அதற்கு வழியே இல்லை. மீதியை மாதாமாதம் கட்டலாம், ஜூலைக்குள் முதல் தவணை கட்டினால் இடம் நிற்கும். அடுத்த வருஷத்துக்கான படிவம் அக்டோபரில் திறக்கும். எல்லாவற்றையும் கென்சியைப் பார்த்தே சொன்னாள். புறப்படும்போது மார்லா ஷெரீஸின் அருகில் தயங்கி நின்றாள்.

"அன்னிக்கு போன்ல..."

"நீங்க கெளம்புங்க மார்லா," என்றாள் ஷெரீஸ். "வெளிய ஆள் காத்திருக்காங்க."

திரும்பும் வழியில் ராய்ஸ் பெட்ரோல் போட நிறுத்தினான். டாங்கி நிரம்பிய பிறகும் பம்பில் சாய்ந்து நின்றுகொண்டே இருந்தான். வண்டிக்குள் தாயும் மகளும் மட்டும்.

"கென்சி," என்றாள் மார்லா.

"கையெழுத்த மறந்தது எனக்குப் பெரிசில்லம்மா. யாருக்கும் மறக்கும்," என்றாள் கென்சி பின்னாலிருந்து. "அந்தப் பசங்க முன்னாடி என்னத் திட்டின. சரி, அதுவும் கோவத்துல. ஆனா நான் உன்னைக் கட்டிப்புடிச்சு அழுதேன் பாரு, அப்ப நீ முதுகத் தடவிக் குடுத்துக்கிட்டு நின்ன. அது எப்படிம்மா முடிஞ்சுது உன்னால?"

மார்லா எதையாவது சொல்லியிருப்பாள், அதற்குள் ராய்ஸ் வந்து கதவைத் திறந்துவிட்டான்.

"ரெண்டு தடவை வீட்டுக்கு வராம படகுலயே இருந்துர்றேன்," என்றான் அவன், சாவியைத் திருப்பிக்கொண்டே. "பாதி தேறும்."

"உன் முழங்கால்ல வலி இருக்கே..."

"முழங்கால நான் பாத்துக்கறேன்."

மீதிப் பாதிக்கு மார்லா பீச் பழங்களைத் தரம் பிரிக்கிற கொட்டகைக்கு வேலைக்குப் போனாள். கோடையில் பள்ளி அலுவலகம் மூடியிருக்கும். இத்தனை வருஷமும் அந்த இரண்டு மாதம் அவள் வீட்டில் தக்காளி வளர்த்துக்கொண்டு இருப்பாள். இப்போது விடிகாலை ஐந்தரைக்கு, ஓடும் பட்டையின் ஓரத்தில் நின்று, அடிபட்ட பழங்களைப் பொறுக்கி எறிந்தாள். பழத்தின் சுணை கழுத்திலும் முழங்கை மடிப்பிலும் ஏறி அரித்தது. சுற்றி நின்றவர்கள் பாதிப்பேர் அவளிடம் தாமதச் சீட்டு வாங்கிய பிள்ளைகள். விஷயம் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கென்சி சொல்லவில்லை. கல்லூரி அலுவலகத்தில் அன்றைக்கு வரிசையில் நின்றவர்களில் ஹாலோவேக்காரர்கள் இரண்டு பேர் இருந்தார்கள், அது போதும்.

யாரும் முகத்துக்கு நேரே ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை. அவள் வந்ததும் பேச்சு நிற்கும். ஒருநாள் ஒரு பையன் வருகைப் பதிவேட்டை அவளிடம் நீட்டி, "கையெழுத்து மேடம், மறந்துராதீங்க," என்றான். அவன் கேலியாகச் சொன்னானா, வெள்ளையாகச் சொன்னானா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. போட்டுவிட்டுக் குனிந்துகொண்டாள்.

பட்டையில் அவளுக்குப் பக்கத்து இடம் லேசி யூபேங்க்ஸுக்கு. டயர் கடைக்காரர் மகள். நல்ல பெண், கை வேகம். இரண்டாவது வாரம் அவளாகவே பேச்சுக் கொடுத்தாள்.

"எனக்கு மாநிலத்துப் பணம் முழுசா வந்துருச்சு மேடம். நீங்க அன்னிக்குக் கடையில சத்தம் போட்டதாலதான்னு அப்பா சொன்னாரு."

"அப்படியா சொன்னாரு?"

"ஆமா. ஆனா அதுக்கப்புறம் அந்தக் கடைக்கு அவரு போறதே இல்ல. பாலம் தாண்டி இன்னொரு கடைக்குப் போயி ரொட்டி வாங்கிட்டு வராரு. பதினஞ்சு மைலு. ஏம்ப்பான்னு கேட்டா அங்க ரொட்டி நல்லாருக்குங்கறாரு." லேசி ஒரு பழத்தைப் புரட்டிப் பார்த்துக் கூடையில் போட்டாள். "ரெண்டும் ஒரே ரொட்டிதான் மேடம்."

அன்றைக்கு வேலை முடிந்து, சுணை அரிக்க, மார்லா நேரே டயர் கடைக்குப் போனாள். டுவைட் ஒரு லாரிச் சக்கரத்தைக் கடப்பாரையால் நெம்பிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் நிமிர்ந்தார், கையைத் துடைத்துக்கொண்டார்.

"காத்து எறங்கிருச்சா மேடம்?"

"இல்ல. பிப்ரவரில கடையில உங்கள அப்படிப் பேசியிருக்கக் கூடாது. அதச் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

டுவைட் கடப்பாரையைச் சுவரில் சாத்தி வைத்தார். "நீங்க சொன்னது சரிதானே. நான்தான் தள்ளிப் போட்டுக்கிட்டு இருந்தேன்."

"ஏன் தள்ளிப் போட்டீங்க? நான் அதக் கேக்கவே இல்ல."

அவர் கடையை ஒரு சுற்றுப் பார்த்தார். "இந்தக் கடை வருஷம் பூரா ஓடி என் கையில நிக்கிறது எவ்வளவுன்னு அதுல வரும் இல்ல? லேசி பாத்துருவாளேன்னு இருந்துச்சு. அவ ஏதோ அப்பா பெரிய முதலாளின்னு நெனச்சுக்கிட்டு இருக்கா."

"பாக்க முடியாது டுவைட். பெத்தவங்க எழுதுறது பிள்ளைங்களுக்குத் தெரியாது. தனித்தனிக் கணக்கு."

"அப்படியா?" அவர் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். "அத யாராவது சொல்லியிருந்தா நவம்பர்லயே போட்டிருப்பேனே."

"என்னக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே."

"ரொட்டி முன்னாடி நின்னுக்கிட்டு, அத்தனை பேரு பாக்க, எப்படி மேடம் கேக்குறது?"

அவர் கோபமாகச் சொல்லவில்லை. மார்லா பையிலிருந்து வண்டிச் சாவியை எடுத்தாள். மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை, அவளும் எதிர்பார்க்கவில்லை. புறப்படும்போது அவள் வண்டியின் முன்சக்கரத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "எடதுபக்கம் கொஞ்சம் கொறவா இருக்கு," என்று காற்றடித்து அனுப்பினார். காசு வாங்கவில்லை. அது அவளுக்கு இன்னும் சங்கடமாக இருந்தது.

ஜூலையில் முதல் தவணை கட்டியாயிற்று. ஆகஸ்டில் வகுப்பு தொடங்கியது. முதல் நாள் கூட வரட்டுமா என்று மார்லா கேட்டாள். வேண்டாம் என்றாள் கென்சி, மரியாதையாகத்தான் சொன்னாள். ராய்ஸ் அன்றைக்கு ஆற்றில் எங்கேயோ, படகைக் கடத்திவிடுகிற மதகு திறப்பதற்குக் காத்திருந்தான். மகளுக்குப் போன் பண்ணி, காலணி புதுசா, மதியச் சாப்பாடு எடுத்துக்கொண்டாயா என்றெல்லாம் கேட்டான். கென்சி சிரித்துச் சிரித்துப் பதில் சொல்வதை மார்லா பக்கத்து அறையிலிருந்து கேட்டாள். அவளிடம் கென்சி அப்படிச் சிரித்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

பள்ளி திறந்ததும் மார்லா தலைமையாசிரியரிடம் போய், படிவ வேலையை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்றாள்.

"யாருக்கு?" என்றார் அவர். "வேற யாருக்குத் தெரியும்? தப்புப் பண்ணிட்டு வீட்டுல போயி உக்காந்துக்கறது சொகமா இருக்கும் உங்களுக்கு. இந்த வருஷம் எழுபத்தோரு பிள்ளைங்க இருக்காங்க."

ஆகவே நவம்பரில் அவள்தான் நூலகத்தில் நின்றாள். சுவரில் பட்டியல் இல்லை. முதலில் பேசும்போது, போன வருஷம் தன் வீட்டில் நடந்ததைச் சொன்னாள். சுருக்கமாகச் சொல்லத்தான் நினைத்தாள், சொல்லும்போது கழுத்தெல்லாம் வியர்த்து, வாக்கியம் குழறி, பாதியில் நின்று தண்ணீர் குடிக்க வேண்டி வந்தது. பின்வரிசையில் ஒரு தாய் தரையைப் பார்த்தாள். இன்னொருத்தி பக்கத்தில் இருந்தவளின் காதில் ஏதோ சொன்னாள். "நீங்க எழுதுறது பிள்ளைங்களுக்குத் தெரியாது," என்று மார்லா முடித்தாள். "என்ன கேக்கணும்னாலும் தனியா வந்து கேளுங்க. நான் இங்கதான் இருப்பேன்." எட்டுப் பேர் தனியாக வந்து கேட்டார்கள். முந்தின எந்த வருஷத்திலும் ஒருவர்கூட வந்ததில்லை.

அதற்கு ஒரு மாதம் முன்னால், படிவம் திறந்த அன்றைக்கே, கல்லூரியிலிருந்து கென்சி போன் பண்ணியிருந்தாள்.

"அடுத்த வருஷத்து ஃபாரம் தெறந்திருக்கு. என் பங்க முடிச்சிட்டேன். உனக்கு அனுப்பியிருக்கேன். எங்க இருக்க?"

"ஆபீஸ்ல."

"அங்க வேண்டாம். யாராவது வந்துருவாங்க. வீட்டுக்குப் போயி, கதவச் சாத்திக்கிட்டுப் பண்ணு. முடிச்சதும் கடைசிப் பக்கத்தப் படம் எடுத்து எனக்கு அனுப்பு."

ஒரு வருஷத்துக்கு முன்னால் இப்படி ஒரு வார்த்தை கேட்டிருந்தால் மார்லா வீட்டை இரண்டாக்கியிருப்பாள். "சரிம்மா," என்றாள். மதியமே விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துப் படித்தாள். கையெழுத்துப் பொத்தானை அழுத்தி, பச்சைப் பட்டை வரும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்து, படம் எடுத்து அனுப்பினாள்.

கென்சியிடமிருந்து உடனே பதில் வந்தது. "தேதி தெரியல. இன்னொண்ணு எடு."

மார்லா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தேதி தெரிகிற மாதிரி இன்னொரு படம் எடுத்தாள்.